பி.எஸ்சி.க்குப் பிறகு பி.எட். மட்டும்தானா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் உயிர்மருத்துவ ஆய்வுக்குப் போகும் வழி

மே மாதம் வந்தால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு அப்பா பேசுவார். "ஏம்மா, பொண்ணு விலங்கியல் முடிச்சிருச்சு. பி.எட். சேத்துடலாமா, இல்ல டிஎன்பிஎஸ்சி கோச்சிங்குக்கு அனுப்பலாமா?" இரண்டும் நல்ல வழிதான், மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று சொல்வேன். அடுத்து வரும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "அதுக்கு எவ்வளவு செலவாகும்மா?"

அதற்கான பதிலிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அறிவியலில் முழுநேரப் பிஹெச்.டி. என்பது பணம் கட்டிப் படிப்பதல்ல, பணம் வாங்கிக்கொண்டு படிப்பது. மத்திய அரசின் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. விடுதி இடம் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. கல்விக் கட்டணம் என்று கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் அது இந்தத் தொகைக்கு முன்னால் பெரிதல்ல. கையைக் கடிக்கும் செலவு அதற்கு முந்தைய எம்.எஸ்சி.யிலும், தேர்வு விண்ணப்பக் கட்டணங்களிலும், நேர்முகத்துக்குப் போய்வருவதிலும்தான் இருக்கிறது.

இதிலேயே ஓர் எச்சரிக்கை. உதவித்தொகை எதுவும் இல்லாமல், "பதிவு பண்ணிக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சேர்த்துக்கொள்ளும் பிஹெச்.டி. இடங்களும் உண்டு. நம் வீட்டு நிலைமைக்கு அது சரிப்படாது. மூன்றாம் வருடத்தில் அப்பா கடன் வாங்கிக் கொடுப்பார், நான்காம் வருடத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். இப்படி வந்தவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

நான் பாலக்கோடு பக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் தொடங்கி, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறி, பிறகு பெங்களூரில் பிஹெச்.டி. முடித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு மூளையில் குறை ஒன்றும் இல்லை. இரண்டே விஷயத்தில்தான் பின்தங்குகிறோம். எந்தப் படிவம் எந்த மாதம் வரும் என்று சொல்ல வீட்டிலோ தெருவிலோ ஆள் இல்லை. கருவிகளைத் தொட்டுப் பழகிய மணிநேரம் கையில் இல்லை. இந்த இரண்டையும் பி.எஸ்சி. படிக்கும்போதே சரிசெய்துகொள்ள முடியும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குத்தான்.

டாக்டர் வேறு, இது வேறு

நீட் கிடைக்காமல் பி.எஸ்சி.க்கு வந்த பிள்ளைகள் பலர், மருத்துவம் சார்ந்த எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். உயிர்மருத்துவ ஆய்வுக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், ஏன் வேதியியலும் இயற்பியலும் படித்தவர்கள்கூட வருகிறார்கள். நோய் எப்படி உண்டாகிறது, கிருமி உடலை எப்படி ஏமாற்றுகிறது, மருந்து செல்லுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது இவர்கள் வேலை.

ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடப்பதும் இல்லை. சென்னையில் 1956-ல் காசநோய்க்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நெரிசலான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளையும், சானடோரியத்தில் படுக்கவைத்துக் கவனித்த நோயாளிகளையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஒன்றும் சளைத்ததில்லை என்று 1959-ல் முடிவு வந்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் மாற அது ஒரு முக்கியக் காரணம்.

முதல் வருடம்: ஒரு கேள்வி நோட்டு

நாற்பது ரூபாய்க்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். பாடக் குறிப்பு எழுத அல்ல. கண்ணில் படுவதைக் கேள்வியாக எழுதிவைக்க. பின்னால் விண்ணப்பத்தில் "ஏன் ஆராய்ச்சிக்கு வர விரும்புகிறீர்கள்?" என்ற இடம் வரும்போது எல்லாரும் "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று எழுதுவார்கள். உங்கள் நோட்டில் வேறு ஏதாவது இருக்கும்.

எங்கள் மாவட்டங்களில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பென்னாகரம் பக்கம் போனால் பெரியவர்களின் பல்லில் பழுப்புக் கறை. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்த அண்ணன் தம்பியில் ஒருவருக்குக் கறை அதிகம், இன்னொருவருக்குக் குறைவு. ஏன்? பல்லின் எனாமல் உருவாகும் வயதில் யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று பார்க்க வேண்டுமா, சாப்பாட்டில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமா? இது நல்ல கேள்வி. எழுதிவையுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணுவது நம் பக்கம் சாதாரணம். தாய்மாமனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் குழந்தைக்கு, ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் பதினாறில் ஒன்று. மரபியல் பாடத்தில் இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறோம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வைத்து ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பாருங்கள். (போட்டதை அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டாம். நான் சொல்லி ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.)

என் நோட்டின் முதல் கேள்வி எங்கள் புழு வளர்ப்பு மனையிலிருந்து வந்தது. ஒரு வருடம் புழுக்கள் வளராமல் சுருங்கின, உடம்பில் மிளகுத்தூள் தூவியது மாதிரி புள்ளிகள். மொத்தத்தையும் எரித்து, மனையைக் கழுவி, மருந்தடித்தோம். பெப்ரின் என்றார்கள். அப்பா கேட்டார்: "தழை நல்லாத்தானே போட்டோம், முட்டையிலயே வந்துச்சா?" முட்டையிலேயேதான் வந்திருந்தது. நோசிமா என்ற ஒட்டுண்ணி தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குள் போய்விடும். 1865 முதல் சில வருடங்கள் லூயி பாஸ்டர் பிரான்சின் தெற்கே பட்டுப்புழு நோயோடு மல்லுக்கட்டி, ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முட்டை வடிவத்தில் பளபளவென்று வித்துகள் தெரிந்தால் அந்தப் பூச்சியின் முட்டைகளை அழித்துவிட வேண்டும். பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் இன்றும் அடிப்படை அதுதான். கல்லூரி நுண்ணோக்கியில் அந்த வித்துகளை முதன்முதல் நானே பார்த்த அன்று, எதைப் படிக்கப் போகிறேன் என்பது முடிவாகிவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கேள்வி எழுதலாம், கவனிக்கலாம், கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம். மனிதர்களிடம் ரத்தமோ எச்சிலோ மருத்துவ விவரமோ எடுப்பது வேறு கதை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அந்த மனிதரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் மக்களிடம் விவரம் வாங்கிக்கொண்டு போன எத்தனையோ பேர், என்ன கிடைத்தது என்று திரும்பிவந்து சொன்னதில்லை. அந்தப் பட்டியலில் நீங்களும் சேர வேண்டாம்.

இரண்டாம் வருடம்: கை பழக வேண்டும்

அரசுக் கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரு மைக்ரோபிப்பெட் (மிகச் சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) இருக்கும். அதையும் கண்ணாடிப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் கோபப்படாமல் கேளுங்கள். "சார், சனிக்கிழமை ஒரு மணிநேரம், உங்க முன்னாடியே, வெறும் தண்ணி மட்டும்" என்று கேட்டால் பத்தில் ஏழு ஆசிரியர்கள் திறந்துகொடுப்பார்கள்.

தண்ணீரும் ஒரு மின்னணுத் தராசும் போதும். தராசு வேதியியல் துறையில் இருக்கும். பிப்பெட்டின் மேல் பொத்தானை அழுத்தினால் முதலில் ஓர் இடத்தில் நிற்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது இடம் வரை இறங்கும். தண்ணீரை எடுக்க முதல் இடம் வரை அழுத்திவிட்டு, நுனியை நீரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நனைத்து, மெதுவாக விட வேண்டும். பட்டென்று விட்டால் காற்றுக்குமிழி ஏறும். வெளியே விடும்போது முதல் இடம், பிறகு மிச்சத்தைத் தள்ள இரண்டாவது இடம். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, எடுக்கும்போதே இரண்டாவது இடம் வரை அழுத்துவது. அளவு கூடிவிடும், சோதனை ஏன் கெட்டது என்று மூன்று நாள் தேடுவீர்கள்.

இப்போது 100 மைக்ரோலிட்டர் வைத்து, தராசில் இருக்கும் சிறு குப்பியில் பத்து முறை விடுங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 கிராம் கூட வேண்டும். முதல் நாள் எனக்கு 0.087, 0.112, 0.094 என்று வந்தது. மூன்றாவது சனிக்கிழமை 0.099, 0.100, 0.100. அந்த எண்களைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தேன். பின்னால் ஒரு நேர்முகத்தில் "பிப்பெட் பிடித்திருக்கிறாயா?" என்று கேட்டபோது அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சான்றிதழ் எதையும் அவர்கள் கேட்கவில்லை.

சான்றிதழ் என்றதும் ஒரு பழைய கோபம் வருகிறது. ஐந்து நாள் உயிர்த்தொழில்நுட்பப் பயிற்சி என்று ஒரு தனியார் மையத்தில் அப்பாவிடம் கெஞ்சி 8,000 ரூபாய் கட்டினேன். முப்பது பேர் சுற்றி நிற்க, ஒருவர் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) இயந்திரத்தில் குழாய் வைத்தார். நாங்கள் எட்டிப் பார்த்தோம். கடைசி நாள் வண்ணச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்னும் பீரோவில் இருக்கிறது, ஒரு இடத்திலும் உதவவில்லை. அந்தப் பணத்தை வைத்திருந்தால் நான்கு தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கலாம்.

கணக்கைக் கைவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் தினமும் வருவது கரைசலை நீர்க்கவைக்கும் கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள மருந்துக் கரைசல் இருக்கிறது. உங்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற செறிவில் 5 மில்லிலிட்டர் வேண்டும். எவ்வளவு எடுப்பீர்கள்? நூறு மடங்கு நீர்க்கவைக்க வேண்டும், ஆக 5 மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு, 50 மைக்ரோலிட்டர். வீட்டில் மோரில் தண்ணீர் சேர்க்கிற கணக்குதான், ஆனால் காகிதமில்லாமல் அரை நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும்.

கோடை விடுமுறைக்குத் தீபாவளியிலேயே விண்ணப்பம்

நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று கொடுக்கின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் இருந்து வேலை கற்கலாம், கையில் உதவித்தொகையும் கிடைக்கும். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு. கோடைக்கானது என்பதால் மார்ச்சில் விசாரிக்கிறோம். விண்ணப்பமோ பெரும்பாலும் முந்தைய வருடத்துத் தீபாவளியை ஒட்டியே வந்து போய்விடுகிறது. செப்டம்பர் பிறந்ததும் வாரம் ஒருமுறை அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். உங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு கட்டுரையும் கேட்பார்கள். கேள்வி நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

திட்டம் கிடைக்காவிட்டால் நேரடியாக விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் எழுதலாம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும், வேலூரில் சி.எம்.சி.யும் நமக்குப் பக்கம். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறும் குப்பைத்தொட்டிக்குப் போகும். பத்துப் பேருக்கு எழுதுங்கள், ஒவ்வொன்றும் வேறாக இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் சாரம் இவ்வளவுதான்: நான் யார், எந்தக் கல்லூரி, எந்த வருடம். உங்கள் இந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன், இரண்டாவது படத்தில் இது எனக்குப் புரியவில்லை அல்லது இப்படித் தோன்றியது. இந்த இரண்டு மாதம் எனக்கு விடுமுறை, வேலை கற்க வரலாமா? பிப்பெட், நுண்ணோக்கி பழக்கம் உண்டு. அவ்வளவே. "மாண்புமிகு", "தங்கள் பொற்பாதங்களில்" பாணி வேண்டாம். பத்தில் ஏழு பேர் பதில் போட மாட்டார்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரை படிக்கத் தெரிய வேண்டுமே என்று கேட்பீர்கள். முதலில் சுருக்கம், அடுத்து நேராகப் படங்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "இதில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?" என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலம் தடுக்கும் இடமெல்லாம் முன்னுரையிலும் விவாதத்திலும்தான், அவற்றைக் கடைசியில் படிக்கலாம். வாரம் ஒன்று போதும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கட்டணச் சஞ்சிகைகளுக்கு 2025 ஜனவரி முதல் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' நடைமுறையில் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளும் அதில் அடக்கம். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததால் பதிவே செய்யாமல் கிடக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு கண்ணி

இதற்குத் தனித் தலைப்பு தேவைதான். நம் பிள்ளைகள் பலருக்குக் கையில் இருப்பது மாநில அரசு கொடுத்த எம்பிசி அல்லது பிசி சாதிச் சான்று. மத்திய அரசுத் தேர்வுகளில் அதை ஏற்கமாட்டார்கள். மத்தியப் பட்டியலின்படி 'ஓபிசி, நான்-கிரீமி லேயர்' (வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டவர்) என்று தனிச் சான்று வேண்டும், மத்திய அரசின் படிவத்தில். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். புதிய நிதியாண்டில் வாங்கியதா என்று தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், பழையதை வைத்துக்கொண்டு போய்ப் பொதுப்பிரிவில் தள்ளப்பட்டவர்கள் உண்டு. எட்டு லட்சம் வருமான வரம்பு என்று சொல்லிச் சிலர் திருப்பி அனுப்புவார்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த வருமானக் கணக்கில் சேராது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.

பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சான்று தருவது கோட்டாட்சியர். விசாரணை, மறு விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். சித்தேரி, தளி, அஞ்செட்டி பக்கம் இருந்து வருபவர்கள் முதல் வருடமே விண்ணப்பித்துவிடுங்கள். அதைக் கையில் வைத்திருந்தால் பிஹெச்.டி.யின்போது பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகைக்கும், எஸ்.சி. பிள்ளைகள் அவர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அவை தனி ஒதுக்கீடு. வெளிநாட்டுப் படிப்புக்கும் மத்திய அரசில் தனித் திட்டங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதில் மாதம் 200 ஒதுக்கினால் மூன்று வருடத்தில் 7,200. விண்ணப்பக் கட்டணங்களுக்கு ஆகும்.

மூன்றாம் வருடம்: எந்தத் தேர்வு, எப்போது

மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக நெட் (ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கான தகுதித் தேர்வு) எழுத முடியாது. இடையில் எம்.எஸ்சி. வேண்டும், அல்லது எம்.எஸ்சி.யும் பிஹெச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்பில் சேர வேண்டும். இந்த இரண்டாவது வழி நம் ஊரில் பலருக்குத் தெரிவதே இல்லை. நான்கு வருடப் பட்டம் 75 சதவீதத்தோடு முடித்தால் நேரடியாகப் பிஹெச்.டி. போகலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் விதி போட்டது, ஆனால் நம்மில் பெரும்பாலோர் படிப்பது மூன்று வருடப் பட்டம்.

எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். உயிர்த்தொழில்நுட்பத் தாளில் மொத்தம் 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணிநேரம். அதில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வரும். விலங்கியல் பிள்ளைகள் அங்கேதான் சறுக்குவார்கள். பள்ளிப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த மதிப்பெண்ணில் ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கும், இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஹெச்.டி.க்கும் போகலாம். டாடா ஆராய்ச்சி நிறுவனம் உயிரியலுக்கென நடத்தும் ஜேஜீபில்ஸ் தேர்வு டிசம்பர் வாக்கில் வரும். பி.எஸ்சி. இறுதியாண்டுப் பிள்ளைகள் அதில் ஒருங்கிணைந்த படிப்புக்கு எழுதலாம். உயிர்த்தொழில்நுட்பத் துறை நிதியளிக்கும் எம்.எஸ்சி. இடங்களுக்கு காட்-பி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற இடங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. அதனால் உள்ளூரில் தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. சேரும் முன் இவற்றை ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்.

எம்.எஸ்சி. இறுதியாண்டில் சிஎஸ்ஐஆர் நெட். உயிர் அறிவியல் தாள் 200 மதிப்பெண். முதல் பகுதி பொதுவான கணக்கும் தர்க்கமும், 20-ல் 15 எழுத வேண்டும். இரண்டாம் பகுதி 50-ல் 35. மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், ஆக மொத்தத்தில் பாதி அங்கேதான். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் "இப்படி ஒரு சோதனை செய்தார்கள், இந்த முடிவு வந்தது, என்ன பொருள்?" என்ற வகை. இரண்டாம் வருடத்திலிருந்து வாரம் ஒரு கட்டுரையின் படங்களைப் பார்த்து வந்தவருக்கு அது பழகிய விளையாட்டு. கையேட்டை உருப்போட்டவருக்குப் புதிது. தப்பான விடைக்குக் கால் பங்கு குறைப்பார்கள் என்பதால் குருட்டாம்போக்கில் எழுதவும் முடியாது.

நேர்முகத்தில் "தெரியாது" என்று சொல்லலாம்

என் முதல் நேர்முகம் படுதோல்வி. பிசிஆர் என்றால் என்ன என்று கேட்டார்கள். மடமடவென்று ஒப்பித்தேன், முப்பது சுற்றில் ஒரு டிஎன்ஏ துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகும் என்பது வரை. "சரி, இரண்டு ப்ரைமரில் ஒன்றைப் போட மறந்துவிட்டாய். குழாயில் என்ன இருக்கும்?" என்றார் ஒருவர். புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. வாயடைத்து நின்றேன். யோசித்தால் வரும். ப்ரைமர் என்பது படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு, இழைக்கு ஒன்று வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஒரு இழையை மட்டும் சுற்றுக்கு ஒன்றாகப் படியெடுக்கும், இரட்டிப்பாகாது, முப்பது சுற்றில் முப்பதுதான். டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வரும் ரயிலில் ராயக்கோட்டை தாண்டும்போது விடை கிடைத்தது. அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

அவர்கள் பார்ப்பது மனப்பாடத்தை அல்ல. "எனக்குத் தெரியாது மேடம், யோசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வாய்விட்டு யோசியுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் பலகையில் படம் போட்டுக் காட்டுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தச் சோதனையைச் சொன்னாலும் அதற்கு எதை ஒப்பீட்டுக்கு வைப்பீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

தனியாகப் போகாதீர்கள்

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-ல் மேயர்ஹாஃப் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். அறிவியலில் கறுப்பினப் பிள்ளைகள் பிஹெச்.டி. வரை போவது அரிதாக இருந்த காலம். கல்லூரி திறக்கும் முன்பே கோடையில் பிள்ளைகளை அழைத்து ஒன்றாகத் தங்கவைத்தார்கள், குழுவாகப் படிக்கச் சொன்னார்கள், சீக்கிரமே ஆய்வுக்கூடத்துக்குள் விட்டார்கள். அங்கிருந்து நிறையப் பேர் விஞ்ஞானிகளாக வந்தார்கள். பெரிய நிதி இல்லாமலே நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தக் குழு. நான்கு பேர் போதும். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம், கல்லூரி வேப்பமரத்தடியோ மாவட்ட மைய நூலகமோ. ஒருவர் ஒரு கட்டுரையின் ஒரு படத்தை விளக்க வேண்டும், மற்ற மூவரும் கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் எல்லா இணையதளங்களின் தேதியையும் பார்த்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. நேர்முகத்துக்கு வெளியூர் போக வேண்டும் என்றால் "கூட யாரு வர்றா?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இருக்கும்.

அந்த நால்வரும் சேர்ந்து செய்யக்கூடிய முதல் பயணம் இந்திய அறிவியல் கழகத்தின் திறந்த நாள். வருடா வருடம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வரும், நுழைவுக் கட்டணம் இல்லை. எல்லா ஆய்வுக்கூடங்களின் கதவும் திறந்திருக்கும். தர்மபுரி, பாலக்கோட்டுப் பிள்ளைகள் ரயிலில் போய்விடலாம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, ஓசூர் வழியாக பஸ்தான். அங்கே ஆராய்ச்சி மாணவர்கள் விளக்கிக்கொண்டு நிற்பார்கள். கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்டால் தயங்காமல் போய்ப் பேசுங்கள். "எந்த ஊருங்க?" என்று தொடங்கினால் அரைமணி நேரத்தில், இணையத்தில் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

வீட்டுச் சம்மதம் கடைசிப் படி. அப்பாக்களிடம் 37,000 என்ற எண்ணைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. "அஞ்சாறு வருஷமா, அதுக்குள்ள வயசு ஏறிடுமே" என்பார்கள். அதற்கு ஒரு நாளில் பதில் சொல்லி முடியாது. பிஹெச்.டி. படிக்கும்போதே கல்யாணம் செய்துகொண்ட தோழிகள் எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேரும் பட்டம் வாங்கினார்கள் என்று சொல்லிவைப்பேன். முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ ஒருமுறை அந்த வளாகத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அம்மா வந்து மரங்களைப் பார்த்தார், விடுதியைப் பார்த்தார், நான் வேலை செய்த மேசையைத் தொட்டுப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது வாசலில் நின்று, "இங்க களி கிடைக்குமா?" என்றார். சாலையைத் தாண்டி ஒரு சின்ன ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். கன்னடத்தில் அதற்கு முத்தே என்று பேர். ஒரு உருண்டை வாங்கி, குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம கேழ்வரகுதான், கொஞ்சம் வேகல" என்றார்.